தலைகீழாக மாட்டப்பட்ட கிணறு

அழகம்மை இறந்துபோனதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மகள் ஊர்த் திருவிழாவுக்காக அன்னவாசல் போயிருந்தேன். போனைச் சார்ஜில் போட்டபடி வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டேன். நான்கு நாள் கழித்துத் திரும்பும்போது, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஆலங்குடி பஸ்ஸுக்காக நின்றேன். நான் எழுபத்திரண்டு வயதில் எழுத்துப் படித்தவன். படித்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. எங்கே நின்றாலும் எதிரில் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பஸ் போர்டு, டீக்கடை விலைப் பட்டியல், மூல வைத்தியர் விளம்பரம் எல்லாமே எனக்கு மிட்டாய் மாதிரி. அன்றைக்குச் சுவரில் புதிதாக ஒரு போஸ்டர் இருந்தது. புகைப்படத்தின் மேல் வேறொரு நோட்டீஸை ஒட்டி மறைத்திருந்தார்கள். அதனால் பெயரைப் படித்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 'ஓவியர்' என்பது வரை சந்தோஷமாகப் படித்தேன். அடுத்து அ, அதற்கு அடுத்து ழ. அதற்குள் பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை.

தேதியையும் படித்தேன். எரித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. எழுத்துப் படித்ததற்காக நான் வருத்தப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

அவரை அறிந்த உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. கண்காட்சித் திறப்பு விழாவுக்கு நீங்கள் முன்வாசல் வழியாக வரும்போது, நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போயிருப்பேன். என் பெயர் கருப்பையா. மரவாடியில் பெட்டி அடிக்கும் வேலை செய்தவன். இருபது வருடங்களுக்கு மேலாக அழகம்மையின் படங்களுக்குச் சட்டம் அடித்ததும், பெட்டி செய்ததும், பெட்டியோடு ஊர் ஊராகப் போய்ச் சுவரில் மாட்டியதும் நான்தான். இதைக் கோபத்தோடு எழுதுகிறேன். அவருடைய கடைசிப் படத்தைத் தலைகீழாக மாட்டினார்கள். தலைகீழாகவே அவர் படங்களைத் தொகுத்த புத்தகத்திலும் அச்சடித்துவிட்டார்கள். அதைச் சரி செய்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய முதல் கண்காட்சி புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அப்போது அவர் ஓர் அலுவலகத்தில் கிளார்க். முகூர்த்தம் இல்லாத இரண்டு நாளுக்கு மண்டபத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார். பதினாறு படங்கள். எதிலும் ஆளோ மாடோ மரமோ கிடையாது. நிறமும் கோடும்தான். மாட்டிய எனக்கே ஒன்றும் விளங்கவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் கல்யாணம் என்று நினைத்து வந்தவர்கள். ஒரு பெரியவர் பந்தி எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே நுழைந்தார். ஒரு படத்தின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். இது என்ன படம் என்று அழகம்மையிடம் கேட்டார். பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள் என்றார் இவர். பெரியவர் வெகுநேரம் பார்த்தார். கடலை பிடுங்கின மறுநாள் கொல்லை இப்படித்தான் கிடக்கும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே போனார். அழகம்மை என்னிடம் ஓடி வந்தார்.

"ஒருத்தரு வந்துட்டாருண்ணே. இன்னைக்கு இது போதும்."

ஒருவர் போதும் என்பதை அவர் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கண்காட்சியில் நான் ஒரு தப்புச் செய்தேன். படத்தில் ஆளும் மரமும் இல்லையென்றால் எது மேல், எது கீழ் என்று எப்படித் தெரியும்? சட்டத்தின் பின்பக்கம் அவர் எழுதி வைத்திருந்தாராம். எனக்கு எண் தெரியும், டேப்பில் அளவு பார்ப்பேன். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஒரு படத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை. பெட்டிக்கு எப்படி மேல் கீழ் கண்டுபிடிப்பீர்கள் என்று மட்டும் கேட்டார். என் பென்சிலால் ஒரு பலகையில் வரைந்து காட்டினேன். மூன்று கோடு, கோழிக்கால் மாதிரி. விரல் எந்தப் பக்கம் நீட்டுகிறதோ அந்தப் பக்கம் மேல். எங்கள் மரவாடியில் பெட்டி ஏற்றுகிறவர்களில் யாருக்கும் எழுத்துத் தெரியாது என்பதால் நானே உண்டாக்கிய அடையாளம் அது.

அவர் பென்சிலை வாங்கி, அதே மாதிரி நான்கு தடவை போட்டுப் பார்த்தார்.

"ஒங்க எழுத்தை நான் படிச்சிட்டேண்ணே. ரெண்டு நிமிசந்தான் ஆச்சு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் ஒரு கோழிக்கால் இருக்கும். பக்கத்திலேயே அவர் எழுத்தில் சின்னதாக ஏதோ இருக்கும். அது அவருடைய கையெழுத்து என்று நினைத்துக்கொண்டேன்.

சென்னைக்குப் போனபோது, நாங்களே மாட்டிக்கொள்கிறோம் என்று என்னை வெளியே உட்கார வைத்தார்கள். திறப்பு விழாவின்போது வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஒருவர் மைக்கில் ஒரு படத்தைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தார். அது தலைகீழாக இருந்தது. அழகம்மை பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்காலியில் ஏறி, அவர் பேசப் பேசவே படத்தைத் திருப்பி மாட்டினார். பேசியவர் நிறுத்தவில்லை. அதே புகழ்ச்சியைத் தொடர்ந்தார். திரும்பும் வழியில் அழகம்மை சிரிக்கவில்லை.

"பின்னாடி யாரும் பாக்குறதில்லண்ணே. இனிமே முன்னாடியே போட்டுர்றேன்."

அப்படித்தான் கோழிக்கால் படத்தின் முன்பக்கம் வந்தது. மேல் மூலையில், வண்ணத்திலேயே போடுவார். அதோடு டெல்லி போனோம், மும்பை போனோம், கொச்சி போனோம். அவர் பெயர் பெரிதாயிற்று. கூடவே கோழிக்காலும் பெரிதாயிற்று. படித்தவர் ஒருவர் அதைப் பற்றி நீளமாக எழுதினார். நம் ஜில்லாவில் மண்ணைத் தோண்டினால் கிடைக்கும் முதுமக்கள் தாழி ஓடுகளில் கீறியிருக்கும் அடையாளம் அது, அதை அழகம்மை தன் கலைக்குள் கொண்டுவந்திருக்கிறார் என்று எழுதினார். கொச்சியில் ஒரு பத்திரிகைக்காரர் அதையே கேட்டார். சுத்தியலோடு நின்ற என்னை அழகம்மை கை காட்டினார். இது இவருடைய எழுத்து, பெட்டி மேல் போடுவது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். பத்திரிகையில் தாழிதான் வந்தது.

ரயிலில் நான் அவரோடு சண்டை போட்டேன். திரும்பவும் சொல்லியிருக்கலாமே ஆத்தா என்றேன்.

"ஒரு தடவ சொன்னேன்ல. மறுபடி சொன்னா கெஞ்சுற மாதிரி இருக்கும்ணே" என்றார்.

அந்தப் பேச்சை நான் அன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் மேல் எனக்கிருக்கும் கோபம் அது ஒன்றுதான்.

போன வருடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயந்திர வகுப்பு ஆரம்பித்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களோடு நானும் போய் உட்கார்ந்தேன். வகுப்பெடுப்பது பக்கத்து வீட்டு மருமகள் மீனா. இதில் பிழை திருத்தித் தந்ததும் அவள்தான். எழுத்து வர வர எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உலகம் முழுக்க யாரோ எனக்காகப் பேசி வைத்துவிட்டுப் போயிருந்த மாதிரி இருந்தது. இதை அழகம்மையிடம் மறைத்தேன். அடுத்த கண்காட்சியில் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சீட்டை அவர் முன்னால் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும் என்பது என் திட்டம்.

அடுத்த கண்காட்சி வரவில்லை. அவருக்கு உடம்பு முடியாமல் போயிற்று. கடைசிப் படத்துக்குச் சட்டம் கொண்டுபோன அன்று, அவர் கட்டிலில் உட்கார்ந்தே வரைந்துகொண்டிருந்தார். மேலே பெரிதாகச் செம்மண் நிறம். கீழே ஒரு துண்டு வெளிறிய நீலம். எப்போதோ நான் சொன்ன கதைதான் அது. சின்ன வயதில் கிணற்றில் தூர் வார இறங்கியபோது, தலைக்கு மேல் சுற்றிலும் மண் நின்றது. வானம் என் காலடியில் தண்ணீரில் கிடந்தது. பயந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

"மண்ணு மேல, வானம் கீழ. சரியா வந்துருக்காண்ணே?" என்று கேட்டார்.

சரியாக வந்திருக்கிறது என்றேன். என் சட்டைப் பைக்குள் அன்றைக்கு மீனா கொடுத்த வாசிப்புத் தாள் மடித்து இருந்தது. அப்போதே எடுத்துப் படித்துக் காட்டியிருக்கலாம். கண்காட்சிக்கு என்று பத்திரப்படுத்தினேன். என் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஒரு மாதம் கழித்துப் புதுக்கோட்டையில் அவர் நினைவாகக் கண்காட்சி வைத்தார்கள். மாட்டுவதற்கு என்னைக் கூப்பிடவில்லை. நானும் முதல் தடவையாக முன்வாசல் வழியாகப் போனேன். தாழி என்று எழுதியவர் மேடையில் தாழியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கிணற்றுப் படத்தின் முன்னால் போய் நின்றேன். செம்மண் கீழே கிடந்தது. நீலம் மேலே இருந்தது. கோழிக்கால் கீழ் மூலையில், விரலைத் தரையைப் பார்க்க நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சீட்டைக் கூட்டிப் படித்தேன். 'நிலமும் வானமும்' என்று இருந்தது. பெயரையும் அவர்களே வைத்துவிட்டார்கள்.

பொறுப்பாக நின்ற பையன் சென்னைக்காரன். நல்ல பையன்தான், மரியாதையாகத்தான் பேசினான். படம் தலைகீழாக இருக்கிறது தம்பி என்றேன். இது இப்படித்தான் ஐயா, மண் கீழே, வானம் மேலே, நன்றாகப் பாருங்கள் என்றான். அந்த மூலையில் இருப்பது என்ன என்று கேட்டேன்.

"அது தாழில இருக்கிற அடையாளங்க ஐயா. ரெண்டாயிரம் வருஷத்துப் பழசு."

"நான் அவ்வளவு பழசு இல்ல தம்பி" என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. நான் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். தொடாதீர்கள் என்று அவன் சொல்வதற்குள் படம் என் கைக்கு வந்துவிட்டது. நூறு தடவை செய்த வேலை. பின்பக்கத்தைத் திருப்பினேன். சட்டத்தில் பென்சிலால் கோழிக்கால். அதன் பக்கத்தில் அவருடைய கையெழுத்து என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அந்தச் சின்ன எழுத்து. அன்றைக்குத்தான் அதைப் படித்தேன்.

மேல்.

அவ்வளவுதான். இரண்டே எழுத்து. பக்கத்துப் படத்தையும் கழற்றிப் பார்த்தேன். அதிலும் கோழிக்கால், அதிலும் மேல். அதற்கடுத்ததிலும் அப்படியே. இருபது வருடமாக என் எழுத்தையும் அவர் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறேன்.

சத்தம் கேட்டு மேடையில் இருந்தவர் இறங்கி வந்தார். படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"படிங்க ஐயா" என்றேன்.

கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"மேல்" என்று மெதுவாகச் சொன்னார்.

என் கோபம் இதுதான். நான் படிக்கவில்லை என்றால் அதில் நியாயம் இருக்கிறது, எனக்கு எழுத்துத் தெரியாது. நீங்கள் எல்லோரும் சின்ன வயதிலிருந்தே படித்தவர்கள். அவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். ஒருவர்கூடப் படத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. அவர் இருந்தபோது சொன்னதைச் சிரித்துத் தள்ளினீர்கள். போன பிறகு நீங்கள் சொல்வதை அவர் சொன்னதாக ஆக்கிவிட்டீர்கள்.

ஏணி கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தார்கள். கிணற்றை நானே சரியாக மாட்டினேன். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு 'கிணறு' என்று என் கையால் எழுதி ஒட்டினேன். எழுத்து கோணலாகத்தான் இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஆனால் புத்தகம் அச்சாகிவிட்டது. அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறோம் என்றார்கள். அதுவரை, அந்தப் புத்தகம் வைத்திருப்பவர்கள் கடைசிப் பக்கம் வந்ததும் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். அவர் நினைவாக என்னிடம் இருப்பது அதுவும், அந்த இரண்டு எழுத்தும்தான். ஆலங்குடி டீக்கடையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துப் பார்ப்பேன். நேற்று டீக்கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

"என்ன பெரியப்பா, படிச்சேன் படிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு பொஸ்தகத்தைத் தலைகீழா வச்சுருக்கீங்க?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கொச்சியில் சிரித்த மாதிரியேதான். அழகம்மையாக இருந்தால் ஒரு தடவை சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார். நான் அப்படி இல்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு, அந்த மூலையில் விரலை வைத்துக் காட்டி, இதுதான் மேல் என்று சொன்னேன். அவனுக்கு விளங்கவில்லை. மறுபடியும் சொன்னேன். நாளைக்கும் சொல்வேன். கெஞ்சுகிற மாதிரி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.