வலையைத் தொடாத நாள்

போன வருடம் ஆடி மாதத்தில், பழவேற்காடு ஏரிக்கரையில் நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கும்மிடிப்பூண்டியில் கம்பெனி கம்பெனியாக மாறிக்கொண்டே இருந்தேன். எங்கேயும் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. கல்யாணமான மறுவருடம், இருபத்தாறு வயதில், கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. புற்றுநோய் என்றார்கள்.

கீமோ தொடங்கும் முன்பே டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். நோயைக் கொல்லும் மருந்து சினைப்பையில் இருக்கும் கருமுட்டைகளையும் அழிக்கலாம். மாதவிலக்கு நின்றுபோகலாம், சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. முட்டையை முன்பே எடுத்து வைக்க வழி உண்டு, ஆனால் என் நோய் அதற்கு நேரம் தரவில்லை.

இரண்டாவது தடவை மருந்து ஏற்றியதோடு விலக்கு நின்றது. முடி கொட்டியது, துண்டைக் கட்டிக்கொண்டேன். ஐம்பது வயதுக்காரி மாதிரி திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்தது, விசிறிக்கொண்டேன். குழந்தை இல்லாமல் போய்விடுமோ என்பதற்குத்தான் என்னிடம் ஒரு வழியும் இல்லை.

சிகிச்சை முடிந்து கணவர் ஊரான பழவேற்காட்டுக்கு வந்தேன். அங்கே விலக்கான பெண்கள் வலையைத் தொடக் கூடாது. மற்றவர்கள் மாதாமாதம் ஒதுங்க, நான் மட்டும் தினமும் வலையில் உட்கார்ந்தேன்.

"உனுக்கு இன்னாடி, முப்பது நாளும் டூட்டி!" என்று கணவரின் அண்ணி, என் ஓரகத்தி, சிரிப்பாள். நானும் சிரிப்பேன். வீட்டுக்குப் போய் அழுவேன்.

அன்று காலை அடிவயிறு பிடித்து இழுத்தது. பாதி நண்டை வலையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பார்த்தேன். நம்பாமல் மறுபடி பார்த்தேன். திரும்பி வந்து வலைக்குப் பத்தடி தள்ளியே நின்றுகொண்டேன்.

"அக்கா, நான் இன்னிக்கு வலய தொடமாட்டேன்!"

கரை முழுக்கக் கேட்டிருக்கும். படகில் நின்ற கணவர், "இன்னா, நண்டு கடிச்சிக்கிச்சா?" என்றார்.

"நண்டு இல்லடா, மண்டு! உன் பொண்டாட்டி ரெண்டாவது தபா வயசுக்கு வந்துக்கிறா!" என்று ஓரகத்தி கத்தினாள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதவளும் அவள்தான். சாயங்காலம், வயசுக்கு வந்த பெண்ணுக்குச் செய்வதுபோல நிஜமாகவே புட்டு அவித்துக் கரையில் எல்லோருக்கும் கொடுத்தாள். கணவர் புட்டை வாயில் போட்டுக்கொண்டு ஏரியைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். கண் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

ரத்தப் பரிசோதனை செய்த டாக்டரம்மா, சினைப்பை மறுபடி வேலை செய்கிறது, ஆனால் இதை வைத்துக் குழந்தை உறுதி என்று சொல்ல முடியாது, கொஞ்ச காலம் பொறுத்து முயற்சி செய்யலாம் என்றார். எனக்கு அது போதும்.

அந்த வழக்கம் எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. ஆனாலும் என் உடம்பு என்னிடமே திரும்பி வந்துவிட்டது என்பதை, வலைக்குப் பத்தடி தள்ளி நின்ற அந்தக் காலையில்தான் தெரிந்துகொண்டேன்.