விருந்தினர் அறையில் ஒரு கட்டில்

பாத்கென் என்ற ஊரில் ஆப்ரிகாட் ஜாம் செய்யும் தொழிற்சாலையில் பழம் காய்ச்சும் பகுதி சாய்ராகுலின் பொறுப்பு. ஒரு கோடையில் கொதிக்கும் பாகு தெறித்து அவளுடைய தோளும் வலது கையும் வெந்துபோயின. படுக்க வைக்க இடமில்லாமல் சர்க்கரை மூட்டைகளின் மேல் கிடத்தினார்கள். சட்டையைக் கத்தரிக்க வேண்டியிருந்தது. மறைப்புக்கு ஒரு கதவுகூட இல்லை. உடன் வேலை செய்த பெண்கள் தலைத்துணிகளை அவிழ்த்து விரித்துப் பிடித்து அவளைச் சுற்றி நின்றார்கள். வாளி வாளியாகக் குளிர்ந்த நீர் சுமந்து வந்து ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தண்ணீர்தான் கையைக் காப்பாற்றியது என்றார் மருத்துவர்.

கை ஆறியதும் அவள் மாவட்ட மருத்துவமனையில் முதலுதவிப் பயிற்சிக்குப் போனாள். திரும்பி வந்து நிர்வாகி தெமிர்பேக்கிடம் முதலுதவிக்கென்று ஓர் அறை கேட்டாள். அவர் மறுக்கவில்லை. மாடியில் பழைய சாமான் போட்டிருந்த அறையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அவள் வாதாடவில்லை. மூட்டை தூக்கும் மாமசாலியை, மருத்துவமனையிலிருந்து இரவல் வாங்கி வந்த ஸ்டிரெச்சரில் படுக்கச் சொன்னாள். தொழிற்சாலையிலேயே பெரிய தொப்பை அவனுக்குத்தான். நான்கு பேர் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். திருப்பத்தில் ஸ்டிரெச்சர் சுவரில் இடித்து நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை.

"அக்கா, என்னைக் காப்பாத்தவே வேணாம். கீழ இறக்கி விட்டாப் போதும்" என்றான் மாமசாலி.

எல்லோரும் சிரித்தார்கள். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த தெமிர்பேக் மட்டும் சிரிக்கவில்லை. வாசலை ஒட்டி, தரைத்தளத்தில், வியாபாரிகளுக்குத் தேநீர் கொடுக்கும் விருந்தினர் அறை இருந்தது. அகலமான கதவு, குழாய், நல்ல வெளிச்சம் எல்லாம் அதில்தான்.

"விருந்தாளி ரூமை எடுத்துக்கோம்மா. வர்றவங்க முத்தத்துல உக்காந்து டீ குடிக்கட்டும்" என்றார்.

அன்றே கம்பளத்தைச் சுருட்டினார்கள். தரையைத் துடைத்துச் சுத்தமாக வைக்க வேண்டுமே. கட்டில், திரை, மருந்து அலமாரி, சோப்பு, மூடி போட்ட குப்பைத் தொட்டி எல்லாம் வந்து சேர்ந்தன. பெண்கள் வீட்டிலிருந்து துவைத்த விரிப்புகள் கொண்டுவந்தார்கள். ஆம்புலன்ஸ் எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதினார்கள். கதவில் முதலுதவி அடையாளமாகப் பச்சைச் சிலுவை வரைந்தவன் மாமசாலி. அது கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

அடுத்த அறுவடையில், பழம் ஏற்றி வந்த லாரி ஓட்டுநர் கம்சிபேக் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது. சாய்ராகுல் அவரை அறைக்குள் கொண்டுவரச் செய்து, கட்டிலில் சாய்த்து உட்கார வைத்து, காலரைத் தளர்த்தி, ஆம்புலன்ஸை அழைக்கச் சொன்னாள்.

"பழம் வெயில்ல கெட்டுப்போயிருமே" என்று முனகினார்.

"பழத்தை நாங்க பாத்துக்கறோம் அண்ணே. நீங்க பேசாம இருங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் அறைக் கதவுவரை பின்னோக்கி வந்தது. ஸ்டிரெச்சர் எங்கும் இடிக்காமல் வெளியே போயிற்று. கம்சிபேக் பிழைத்தார்.

குளிர்காலம் தொடங்கும் முன் அவர் மனைவி சுடச்சுட ரொட்டிகளோடு வந்தாள். யாருக்கு நன்றி சொல்வதென்று கேட்டாள். சாய்ராகுல் அவளைக் காய்ச்சும் பகுதிக்கு அழைத்துப் போனாள். தன்னைச் சுற்றி அன்று துணி பிடித்து நின்ற பெண்களை ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் காட்டினாள். ரொட்டியை அங்கேயே பிய்த்து எல்லோரும் சாப்பிட்டார்கள்.