கிராணியார் ஜீப்பின் பின்பக்கம்

"அந்தக் கிராணி ஜீப் போறதைப் பாரேன். முட்டையிட உட்கார்ற கோழி மாதிரியே இருக்கு."

பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது. கடலோர ஊரான ஜெராமில் எங்கள் மோட்டார் பட்டறைக்கு வரும், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாரின் வண்டிதான் அது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பட்டறைத் தொழிலில் வண்டியைக் குறை சொன்னால் வண்டிக்காரருக்குக் கோபம் வரும். பட்டறை வீட்டுப் பெண்ணுக்கு வெட்கம் வரும். கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு அப்பாவின் கடை மேசையில் உட்கார்ந்திருக்கும் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தகடு

மலாயாவில் அவசரகாலம் அது. காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளின் குண்டு வருமென்று பயந்து, தோட்டத்துத் துரை தன் ஜீப்பின் பின்பக்கம் முழுவதும் இரும்புத் தகடு அடித்துவைத்திருந்தார். அவருக்குப் புது வண்டி வந்ததும் பழையது கிராணி அந்தோணியாரிடம் வந்துசேர்ந்தது. தகட்டின் பாரத்தில் பின்பக்கம் தொங்கிப்போய், செம்மண் பாதையின் நடுவில் முளைத்த புல்லையெல்லாம் அந்த ஜீப்பே மழித்துக்கொண்டு போனது.

"தகட்டைக் கழற்றிடலாமே, கிராணியாரே" என்றார் அப்பா.

"நான் காட்டோரத்துல இருக்கேன், நீங்க கடலோரத்துல இருக்கீங்க அண்ணே. பேசுவீங்க."

அரிசி

காட்டுக்குள் இருப்பவர்களுக்கு யாரும் அரிசி கொண்டுபோகக் கூடாதென்று வழியெங்கும் சாலைத் தடுப்பு. பின்பக்கம் தாழ்ந்து வரும் வண்டியைப் பார்த்தால் போலிஸ்காரர் சும்மா விடுவாரா? ஒவ்வொரு முறையும் சீட்டைக் கழற்றிப் பார்ப்பார்கள். கணவருக்குப் பக்கத்தில் முன்சீட்டில் வரும் லூர்து அக்காவும் ஜெராம் மாதா கோயில் பூசைக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு வெயிலில் இறங்கி நிற்க வேண்டும். ஒரு ஞாயிறு, அவர்கள் வந்துசேர்ந்தபோது பூசை முடிந்து சாமியார் சாப்பிடப் போயிருந்தார்.

எங்கள் பட்டறைக்கு எதிரேதான் அக்காவின் தாய் வீடு. அக்கா அங்கேயே இறங்கிக்கொண்டார். கிராணியார் எஞ்சினை நிறுத்தாமல் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"பின்பக்கத்தை மேல தூக்கி, ஒரு பூசைக்காவது வண்டியை நேரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துங்க. அப்புறம் வீட்டுக்கு வர்றேன்" என்றார் அக்கா.

லோரி ஸ்பிரிங்

தானே சமைத்துச் சாப்பிட்ட சில நாளில் கிராணியார் இளைத்து, சட்டைக் கழுத்து தொளதொளவென்றாகிவிட்டது. புது ஸ்பிரிங் கோலாலம்பூரிலிருந்து வரவேண்டும். அதுவரை பொறுக்க முடியாமல், தோட்டத்துக் கொட்டகையில் செத்துக் கிடந்த லோரியின் பின் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"இது ரப்பர் மூட்டை சுமந்த ஸ்பிரிங். உங்க ஜீப்பை ஆகாசத்துக்குத் தூக்கிடும்" என்றார் அப்பா.

"தூக்கட்டும் லா. அதுக்குத்தானே கொண்டாந்தேன்."

தூக்கியது. மூக்கு தரையைப் பார்க்க, பின்பக்கம் வானத்தைப் பார்க்க நின்றது ஜீப். எதிர்வீட்டு வாசலில் நின்று பார்த்த அக்கா, "குளத்துல தலையை விட்ட வாத்து" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாளே கிராணியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். "அண்ணே, பள்ளமெல்லாம் இருந்த இடத்துலதான் இருக்கு. நான்தான் ஒவ்வொண்ணுக்கும் மேல போயிட்டு வர்றேன்."

பாரம்

பின்னால் ஏதாவது பாரம் வைத்தால் அடங்குமென்றார் அப்பா. கிராணியார் மணல் மூட்டை வைத்தார். தடுப்பில் அதைப் பிரித்து, மணலையெல்லாம் சாலையில் கொட்டி, குச்சியால் கிளறிப் பார்த்தார்கள். பிரிக்க முடியாத பாரமாக ஒன்று வேண்டுமே என்று யோசித்த மனிதர், அடுத்த ஞாயிறு சமையலறையிலிருந்த ஆட்டுக்கல்லைத் தூக்கிப் பின்னால் வைத்துக்கொண்டு புறப்பட்டார். தடுப்பில் சார்ஜண்ட் அதைத் தட்டிப் பார்த்தார், குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "போ, போ" என்றார்.

பூசைக்கு முதல் மணி அடிக்கும்போதே ஜீப் எங்கள் வாசலில் நின்றது. கோழியுமில்லை, வாத்துமில்லை, சமமாக நின்றது. அக்கா வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அது என் ஆட்டுக்கல்லுதானே?"

"ஆமா, லூர்து."

"அப்போ தோசைக்கு?"

"தோசை ஏது? நீ போனதிலேருந்து ரொட்டிதான்."

அக்கா பூசைக்குப் போய்விட்டு வந்தார். அப்பாவையும் கிராணியாரையும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்கச் சொல்லி, ஆட்டுக்கல்லை முன்சீட்டில், தான் வழக்கமாக உட்காரும் இடத்தில் வைக்கச் செய்தார். பிறகு தாய் வீட்டிலிருந்து தன் பெட்டியை எடுத்துவந்து, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பின்பக்கம் ஆட்டுக்கல் இருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தார்.