மறுபதிப்பில் இல்லாத ஹம்மிங்

ரோஸ் நிறத்தில் இசைத்தட்டு அடிப்பவனை நான் மனிதனாகவே மதிப்பதில்லை. இசைத்தட்டு என்றால் கறுப்பாக இருக்க வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வரி வரியாகத் தெரிய வேண்டும். இப்போது வருகிற மறுபதிப்புகளைப் பாருங்கள். ஒன்று ரோஸ், ஒன்று பச்சை, இன்னொன்று ஜவ்வுமிட்டாயைக் காய்ச்சி ஊற்றினது போல இரண்டு நிறம் கலந்து. அட்டை மட்டும் பணக்காரன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை கனத்துக்கு இருக்கும். ஊசியை வைத்தால் செல்போனில் கேட்கிற அதே சத்தம்தான் வருகிறது. செல்போனில் கேட்பதற்கு எதற்கய்யா எனக்கு இத்தனை பெரிய வட்டம்?

ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். ஸ்பின்னிங் மிஷின் இரைச்சலில் கிடந்தவனுக்குக் காது அவிந்திருக்க வேண்டும், அவியவில்லை. மாறாக, எது இரைச்சல் எது பாட்டு என்று பிரித்துப் பார்க்கிற புத்தி வந்து தொலைத்தது. அதனால் ரீமாஸ்டர் என்று ஒருவன் சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரைச்சலை எடுக்கிறோம் என்று சொல்லி, பாடுகிறவள் இழுக்கிற மூச்சையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். மூச்சே விடாமல் பாடுகிறவள் மனுஷியா, பேயா?

தொகுப்பு போடுகிறவர்கள் இவர்களுக்கும் மேலே. மழைப் பாட்டுகள், நிலாப் பாட்டுகள், சோகப் பாட்டுகள் என்று மளிகைக் கடைச் சரக்கு மாதிரி பொட்டலம் கட்டி வைத்திருப்பார்கள். ஒரு தட்டில் இரண்டு பாட்டு கூடுதலாகத் திணிக்க வேண்டும் என்பதற்காகத் தொடக்க இசையை நறுக்குவார்கள், நடுவில் வருகிற வயலினை நறுக்குவார்கள். ஆட்டை அறுக்கிறவன்கூட எங்கே அறுக்க வேண்டும் என்று பார்த்துத்தான் கத்தியை வைப்பான்.

இந்த எரிச்சலெல்லாம் என்னோடு இருந்தவரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லை. என் மனைவிக்குப் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்த டீச்சர் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். அவர் வீட்டுக்கு நான் ஒரு மறுபதிப்பைத் தூக்கிக்கொண்டு போனதில்தான் வந்தது வினை.

டீச்சர் இளம் வயதில் கொஞ்ச காலம் மெட்ராஸில் சித்தப்பா வீட்டில் இருந்தவர். அப்போது கோரஸ் பாடப் போவாராம். ஒருநாள் ஒரு பாட்டின் ஆரம்பத்துக்கு வெறும் ஹம்மிங் தேவைப்பட்டிருக்கிறது. வாத்தியமே கிடையாது, ஒரு பெண்குரல் மட்டும். பெரிய பாடகி வந்து சேரவில்லை. கோரஸில் நின்ற இவரைக் கூப்பிட்டு, "பிள்ளையத் தாலாட்டுற மாதிரியும் இருக்கணும், அழுகிற மாதிரியும் இருக்கணும், பாடும்மா" என்றிருக்கிறார் இசையமைப்பாளர். இவர் பாடினார். நடுவில் ஓரிடத்தில் பயத்தில் மூச்சு முட்டி, குரல் ஒரு நொடி அறுந்து, மறுபடி சேர்ந்துகொண்டது. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அதன்பின் பெரிய பாடகி வந்து மீதிப் பாட்டைப் பாடினார், தட்டில் அவர் பெயர் மட்டும் வந்தது. டீச்சருக்குக் கல்யாணம் ஆனது, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தார், தையல் மிஷினில் உட்கார்ந்தார். கையில் இருந்த ஒரே தட்டை நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப் போனார்கள். இரவல் போன பொருள் எந்த ஊரில் திரும்பி வந்திருக்கிறது?

பாட்டின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் உடனே செல்போனில் தட்டிக் கேட்பீர்கள். கேட்டால் ஹம்மிங்கை நறுக்கி எறிந்த பாட்டைத்தான் கேட்பீர்கள்.

டீச்சரின் மகன் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். நல்ல பிள்ளைதான், தாய்க்கு வேளாவேளைக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கிற பிள்ளை. ஆனால் அம்மா சினிமாவில் பாடிய கதையை அவர் நம்பியதே கிடையாது. டிவியில் அந்தப் பாட்டு வரும். பெரிய பாடகியின் குரலில்தான் ஆரம்பிக்கும். ஹம்மிங்கே இல்லாத பாட்டில் அம்மா ஹம்மிங் பாடினேன் என்றால் எவன் நம்புவான்? பேத்தி நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால், "எங்கம்மா சினிமாப் பாடகி, தெரியும்லா?" என்று கண்ணைச் சிமிட்டியிருக்கிறார். பந்தியே சிரித்திருக்கிறது. அதிலிருந்து டீச்சர் ஒரு விசேஷத்துக்கும் போவதில்லை. என் மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார், "நான் பொய்க்காரியாவே போயிச் சேந்துருவேன் போலட்டி."

அந்தச் சமயம் பார்த்து அந்தப் படத்தின் தட்டு மறுபதிப்பாக வந்தது. அட்டையில் கொட்டை எழுத்தில், அசல் ஒலிநாடாவிலிருந்து முழுமையாக எடுத்தது என்று போட்டிருந்தான். ரோஸ் நிறம் என்றாலும் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினேன். பிளேயரைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். டீச்சர் புதுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்தார். மகனை டூட்டிக்கு நடுவில் வரச் சொல்லியிருந்தார்.

ஊசியை வைத்தேன். ஒரு சின்ன 'டிக்', டமார் என்று மேளம், உடனே பெரிய பாடகி.

நான் ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தேன். மறுபடியும் டமார். மகன் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டே சிரித்தார். "பாத்தீயளா அண்ணாச்சி. போட்டும் காட்டியாச்சு. அவிய மனசுல என்னமோ இருக்கு, நீங்களும் அதுக்குத் தாளம் போடுதீய." டீச்சர் புதுச்சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தத் தட்டை முழங்காலில் வைத்து உடைக்க வேண்டும் போல் வந்தது.

வீட்டுக்கு வந்து என்னிடமிருந்த ஒரு தொகுப்பு சி.டி.யைப் போட்டுப் பார்த்தேன். அதே இடத்தில் வெட்டு, டிவிக்காரனும் இதைத்தான் போட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். மேளத்துக்கு முன்னால் அதே சின்ன 'டிக்'. அசல் ஒலிநாடாவாம்! அந்த மூதேவி தொகுப்பு சி.டி.யை எடுத்து ரோஸ் தட்டில் ஊற்றி விற்றிருக்கிறான். முதலில் ஒருத்தன் இடமில்லை என்று தலையை வெட்டினான், அடுத்தவன் முண்டத்தை எடுத்து இதுதான் முழு ஆள் என்று அட்டையில் அச்சடித்தான். தூ! இவன் வீட்டுக் கல்யாணப் போட்டோவில் இவன் தலையை வெட்டிவிட்டு மாலையை மட்டும் கொடுத்தால் வாங்கிக்கொள்வானா?

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்ததை, நான்தான் மறுபடி பிள்ளையாராக்க வேண்டும். பழைய தட்டைத் தேடினேன். மதுரையில் ஒருவரிடம் இருந்தது. கண்ணாடித் தாளைக்கூடப் பிரிக்காமல் வைத்திருக்கிறாராம். பிரித்துப் போட்டு அரை நிமிஷம் மட்டும் போனில் கேட்க விடுங்கள் என்றேன். "பிரிச்சா மதிப்புப் போயிரும் சார்" என்றார். சோற்றைப் பொங்கிவைத்துவிட்டுப் பானையைத் திறக்காமல் பட்டினி கிடக்கிற ஜென்மம். இப்படிப்பட்டவர்களும் தங்களைச் சேகரிப்பாளர் என்று சொல்லிக்கொள்கிறார்கள், அதே வார்த்தையை நானும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மிச்சமிருந்தது தேவதானத்து மைக் செட் காரர்தான். மைக் செட் தட்டுகளை நான் கையால் தொடமாட்டேன். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று ஊர் ஊராக மாட்டு வண்டியில் போய், புழுதியில் கிடந்து, தேய்ந்த ஊசியால் உழுதெடுத்த தட்டுகள் அவை. போட்டால் அப்பளம் பொரிகிற சத்தத்துக்குள் பாட்டைத் தேட வேண்டும். அவருடைய ஷெட்டில் ஜெனரேட்டருக்கு அடியில், எண்ணெய்ப் பிசுக்கோடு அடுக்கிக் கிடந்தன. இரண்டு தட்டை வளைத்துப் பூச்சட்டி செய்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

நான் தேடிய தட்டு அடியில் இருந்தது. துடைத்து வாசல் வெயிலில் சாய்த்தேன். தட்டு முழுக்கச் சாம்பல் பூத்துப்போயிருந்தது, நினைத்த மாதிரியே. ஆனால் இரண்டாவது பாட்டு தொடங்குகிற இடத்தில், ஒரு அரிசி அகலத்துக்கு, நேற்று அடித்த தட்டு மாதிரி கறுப்பாகப் பளபளத்தது.

"இந்த இடம் மட்டும் எப்படிங்க இப்படி இருக்கு?" என்றேன்.

"அதா? அதுல ஒருத்தி அழுவா அண்ணாச்சி" என்றார் அவர். "கல்யாண வீட்டுல ஒப்பாரியப் போட்டா தோல உரிச்சுருவானுவ. மொதல்ல ஒரு வீட்டுல தெரியாமப் போட்டுட்டு நான் வாங்கின ஏச்சு எம்புட்டுன்னு நெனைக்கிய? பொண்ணோட அப்பன் செருப்பக் கழட்டிட்டான். அதுல இருந்து அந்த எடத்தத் தாண்டித்தான் ஊசிய வைப்பேன். மேளத்துல இருந்து பிடிச்சிருவேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. கம்பெனிக்காரன் இடமில்லை என்று வெட்டினான், இவர் சகுனம் பார்த்துத் தாண்டினார். டீச்சரின் அரை நிமிஷத்தை யாருமே வேண்டாம் என்றுதான் ஒதுக்கியிருக்கிறார்கள். இவர் ஒதுக்கினதில் ஒரு புண்ணியம், ஊசி படாமல் பிழைத்துக் கிடந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடியும் பெட்டியோடு பஸ். டீச்சர் இந்தத் தடவை சேலை மாற்றவில்லை. மகன் வீட்டில்தான் இருந்தார், வேண்டாவெறுப்பாக வந்து கதவோரம் நின்றார். "திரும்பவுமா அண்ணாச்சி?" என்றார்.

டீச்சர் அவரைப் பார்த்துச் சொன்னார். "ஏலே, நில்லு. போடுறதுக்கு முன்னாடியே சொல்லிருதேன். பொறவு, பாட்டக் கேட்டுட்டுத்தான் அம்மா சொல்லுதான்னு நீ சொல்லக்கூடாது. பாதிக்குப் பொறவு குரல் மேல ஏறும். ஏறும்போது மூச்சு முட்டும். குரல் அந்துபோயி, அடியில இருந்து திரும்பச் சேரும். இந்தா, இப்படி." என்று பாடிக் காட்டினார். எழுபது தாண்டிய தொண்டை, கரகரத்தது. ஆனால் ஏறிய இடமும் அறுந்த இடமும் தெளிவாக இருந்தன.

தட்டைச் சுற்றவிட்டு, அந்தக் கறுப்பு வரியில் ஊசியை இறக்கினேன். ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. ஒரு பெண் வெறும் குரலில் ஆரம்பித்தாள். பதட்டத்தை அடக்கிக்கொண்டு பாடுகிற சின்னப் பெண். ஏறினாள். ஏறிய இடத்தில் மூச்சு முட்டி, குரல் அறுந்து, அடியிலிருந்து வந்து சேர்ந்தது. டீச்சர் சற்று முன் காட்டிய அதே இடத்தில், அதே மாதிரி.

மகன் கதவோரத்திலிருந்து உள்ளே வந்துவிட்டார். மேளம் இடித்தது, பெரிய பாடகி அப்பளப் பொரியலுக்குள்ளிருந்து பாடத் தொடங்கினார். "போதும், எடுத்துருங்க தம்பி. அவிய பாடுனதுதான் ஊரெல்லாம் கெடக்கே" என்றார் டீச்சர். நான் ஊசியைத் தூக்கினேன்.

மகன் குனிந்து அந்தக் கறுப்பு வரியைப் பார்த்தார். பிறகு என்னிடம், "அண்ணாச்சி, இன்னொரு தடவ போடுங்க" என்றார். செல்போனை வெளியே எடுத்தார். "பதிஞ்சுக்கிடுதேன். எல்லாத்துக்கும் அனுப்பணும்."

நான் ஊசியில் கையை வைத்தேன். டீச்சர் என் கைக்குக் குறுக்கே தன் கையை நீட்டிவிட்டார்.

"வேண்டாம் தம்பி, மூடுங்க" என்றார். அப்புறம் மகனைப் பார்த்து, கோபமே இல்லாமல், "ரெக்கார்டு சொன்னா நம்புவ, பெத்தவ சொன்னா நம்பமாட்ட. என்னலே புள்ள நீ?" என்றார்.