நின்றவள் வைக்கும் பானை

எங்கள் பங்காளி வகையறாவில், மாசி மாதம் குலதெய்வத்துக்குப் படையல் போடும்போது முதல் பானையை வைக்கிறவளுக்கு ஒரு தகுதி வேண்டும். அவளுக்கு மாதவிலக்கு நின்றிருக்க வேண்டும். எவ்வளவு படித்திருக்கிறாள், பேரன் பேத்தி எடுத்துவிட்டாளா என்றெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள். நின்றுவிட்டதா? அப்படியானால் அடுப்பைப் பற்றவை. எட்டு வருஷமாக அந்தப் பானையை வைத்தவர் என் ஓர்ப்படி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி. போன வருஷம் படையலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, முட்டி வலிக்கிறது, இனிமேல் டீச்சரம்மா வைக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

டீச்சரம்மா என்பது நான்தான். செட்டிகுளத்துப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். குடியிருப்பது பெரம்பலூரில். வயது ஐம்பத்தொன்று.

பொய் சொல்லமாட்டேன், அந்தப் பானை எனக்குப் பிடித்திருந்தது. கல்யாணமாகி வந்த முதல் மாசியில் எனக்குத் தேதி தப்பி வந்துவிட, கோயிலுக்குள் விடாமல் தள்ளி ஒரு புளியமரத்தடியில் உட்கார வைத்தார்கள். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு இலையில் பொங்கல் வந்தது, ஆறிப்போய். எம்.எஸ்ஸி. படித்தவளை இப்படி உட்காரவைக்கிறார்களே என்று அன்றைக்கு வந்த ஆத்திரம் வருஷக்கணக்காகப் போகவில்லை. அப்படிப்பட்டவள் போன வருஷம் ஈரப்புடவையோடு பானையைத் தூக்கிக்கொண்டு வரும்போது, வேட்டியை மடித்துக் கட்டியிருந்த பெரியவர்கள் மடிப்பை அவிழ்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்த வழக்கமே தப்பு என்று அதுவரை பேசிக்கொண்டிருந்த நான், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

இந்த வருஷம் இரண்டாவது முறை. பால் பொங்கி வழிந்தது, பெண்கள் குலவையிட்டார்கள். நான் அரிசியைக் களைந்து போட்டுவிட்டு நிமிர்ந்தேன். அடிவயிற்றில் ஒரு இழுப்பு. பிறகு தொடையில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. நாற்பது வருஷம் பழகிய உடம்பு, என்ன என்று யோசிக்கவே தேவையில்லை. ஆனால் எனக்கு நின்று இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அப்போதே கரண்டியை வைத்துவிட்டு நகர்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் அறுபது எழுபது பேர் நின்றார்கள். நான் நகரவில்லை. கிண்டினேன், இறக்கினேன், இலையில் அள்ளி வைத்தேன், கற்பூரம் காட்டும்போது முன்வரிசையில் கைகூப்பி நின்றேன். எல்லாம் முடிந்து பக்கத்து வயல் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தபோது உள்பாவாடை முழுக்கச் சிவந்திருந்தது. நல்லவேளை, அன்றைக்கு மஞ்சள் புடவையின் கரை அரக்கு நிறம்.

இரண்டு பயம் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சாமிக்குத்தம் ஆகிவிட்டது என்பதுதான் முதலில் வந்தது. நின்ற பிறகு இப்படி வந்தால் அது புற்றுநோயாக இருக்கலாம் என்பது வீடு திரும்பும் வழியில்தான் வந்தது. பிறகு இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. சாமி கொடுத்த தண்டனை இதுதான், நோய் உள்ளே ஆரம்பித்துவிட்டது என்று மனம் ஒரே கதையாகக் கட்டிவிட்டது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷம் தவறாமல் கரும்பலகையில் கருப்பைப் படம் போடுகிறவள் நான். உள்சுவருக்குச் சிவப்பு சாக்பீஸ். உடம்பில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் அம்மாவிடம் சொல்லுங்கள், டாக்டரிடம் போங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பின்பெஞ்சு பையன்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்வேன். என் விஷயத்தில் நான் செய்தது, கழிப்பறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு போனில் தேடிப் படித்ததுதான். பாதியில் மூடிவிடுவேன். அரைமணி நேரத்தில் மறுபடியும் திறப்பேன்.

வாரத்துக்கு இரண்டு நாள் வரும், நின்றுவிடும், மறுபடி வரும். நாப்கின் வாங்க மெடிக்கலுக்குப் போனால் கடைக்காரர், "பொண்ணு வந்திருக்குங்களா டீச்சர்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் மகள் சென்னையில் ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தாள். அவளுக்கு இப்போது எதற்கு நாப்கின் என்று அந்த மனிதர் யோசிக்காமல் இருக்கவேண்டுமே என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பங்குனியில் ஓர்ப்படி வீட்டு வயலில் சின்ன வெங்காயம் அழுகிவிட்டது. மழை பெய்தால் அழுகத்தான் செய்யும். இந்த வருஷம் ஊரில் எல்லாருக்கும்தான் அழுகியது. என் மனது அதைக் கேட்கவில்லை. பிறகு என் கணவர் வாலிகண்டபுரம் பக்கம் பைக்கில் வரும்போது சறுக்கி விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். "ஒண்ணும் இல்ல, பாரு" என்று சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக் காட்டினார். டெட்டால் பாட்டிலைப் பிடிக்க முடியாமல் எனக்குக் கை உதறியது. "அடிபட்டது எனக்கு, நடுங்குறது நீயா?" என்று சிரித்தார்.

அவரிடம் சொல்லியிருக்கலாம். நல்ல மனிதர், ஆனால் வாயில் எதுவும் தங்காது. அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எடைமேடையில் வேலை. லாரிக்காரர்கள் கொண்டுவரும் செய்தியெல்லாம் சாயங்காலத்துக்குள் எங்கள் தெருவுக்கு வந்துவிடும். என் செய்தி எதிர்த்திசையில் போக எத்தனை நேரம் ஆகும்? பானை வைத்தவளுக்கு அன்றைக்கே வந்துவிட்டது என்று பங்காளிகளுக்குத் தெரிந்தால் முகத்தில் முழிக்க முடியாது. அவருக்குத் தெரியக்கூடாது என்று, உடம்பு எரிகிறது, காற்று வேண்டும் என்று சொல்லி ஹாலில் தனியாகப் படுக்க ஆரம்பித்தேன். அவர் ஒரு வாரம் பொறுத்தார். ஒருநாள் சாயங்காலம் நான் விரும்பிச் சாப்பிடுகிற பலாச்சுளையை வாங்கிவந்து மேஜையில் வைத்துவிட்டு, "எம்மேல எதாவது கோவமா?" என்று கேட்டார். "எப்பப் பாரு உங்களப் பத்தியேதான் பேசணுமா?" என்று கத்தினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சுளை ஈ மொய்த்துக் கிடந்தது. பயத்தைக் கோபமாக்கி அவர் மேல் கொட்டுகிறேன் என்று எனக்கே தெரிந்தது, நிறுத்த முடியவில்லை.

பொதுத்தேர்வு முடிந்து விடுமுறை விட்டதும் டாக்டரிடம் போனேன். பெரம்பலூரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஊசி போடுகிறவள் என்னிடம் படித்தவளாக இருப்பாள். அதனால், டிரெயினிங் இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு அரியலூருக்கு பஸ் ஏறினேன். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து போனது. திரும்பிப் போய்விடலாமா என்று மூன்று நிறுத்தங்களில் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

டாக்டர் என் மகளைவிட நாலைந்து வயதுதான் பெரியவர். ஸ்கேன் பார்த்துவிட்டு, "உள்சுவர் தடிப்பா இருக்கும்மா. கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். மயக்கம் குடுப்போம், கூட ஒரு ஆளக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

"கேன்சரா டாக்டர்?"

"டெஸ்ட் வராம நான் ஒண்ணும் சொல்லக்கூடாதுங்கம்மா."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கூட யாரைக் கூட்டிப்போவது? கணவர் வேண்டாம். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற மகளைக் கலங்கடிக்கக்கூடாது. பள்ளியில் சொன்னால் பிரேயருக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிடும். எண்ணிப் பார்த்தால், ஐம்பத்தொரு வயதில் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வர ஒரு ஆள் இல்லை. கடைசியில் மிஞ்சியது ஓர்ப்படி. அவர் ஊர் அரியலூரிலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரம். யாரிடம் சொல்ல அதிகம் பயந்தேனோ அவரிடமே சொல்லும்படி ஆயிற்று. கண்டிப்பான மனுஷி. கோயில் காரியத்தில் ஒரு பூ கீழே விழுந்தால்கூட மறுபடி குளித்துவிட்டு வரச் சொல்வார். போனில், உடம்பு சரியில்லை, கூட வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். மறுபேச்சில்லாமல் வருகிறேன் என்றார்.

அந்தக் காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போய்த் திரும்பி வராமல் போனால் என்ற நினைப்பு வந்துவிட்டது. சொல்லிவிட்டேன்.

"அக்கா, மாசியில பானை வச்சேன்ல, அன்னிக்கே எனக்கு வந்துடுச்சு. தெரிஞ்சேதான் நின்னேன். அதுலேருந்து விட்டு விட்டு வருது. அதுக்குத்தான் இப்ப டெஸ்ட்டு."

ஓர்ப்படி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் இருந்த பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தார். திட்டுவார், எழுந்து போய்விடுவார் என்று காத்திருந்தேன். "வலிக்குதா?" என்றார்.

"இல்லக்கா."

"வலி இல்லாம வந்தா ஒண்ணும் இருக்காதுங்குறாங்களே."

"யாருக்கா சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. சாமிய நெனச்சுக்கிட்டுப் போயிட்டு வா."

அவ்வளவுதான். அவர் திட்டாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சாகப்போகிறவளைத் திட்டி என்ன என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ரிப்போர்ட் வர பத்து நாள். அந்தப் பத்து நாளில் நான் பீரோவைத் திறந்து மகளுக்கு எந்தப் புடவை என்று பிரித்து வைத்தேன். கேஸ் புத்தகம் எங்கே, பேங்க் பாஸ்புக் எங்கே என்று கணவரிடம் காட்டினேன். அவர் ஏதோ புரிந்ததுபோல், "எங்கயாவது போறியா?" என்றார். குரலில் விளையாட்டே இல்லை. அன்றைக்கு மட்டும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவருக்குப் பிசைந்து வைத்த சோறு இறங்கவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

ரிப்போர்ட் வாங்கப் போகும்போதும் ஓர்ப்படி கூட வந்தார். நான் கூப்பிடவில்லை, அவராகவே பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் அறையில் நான் மேஜைக்குப் பக்கத்தில் நோயாளிக்குப் போட்டிருக்கிற ஸ்டூலில் உட்கார்ந்தேன், அவர் கதவோரமாக நின்றார். டாக்டர் காகிதத்தைப் பிரித்து இரண்டாம் பக்கத்தைப் படித்தார்.

"கேன்சர் இல்லம்மா. சாதாரணத் தடிப்புதான். மாத்திரை எழுதுறேன், ஆறு மாசத்துல திரும்பப் பாத்துருவோம்."

நான் அழுதுவிட்டேன். மூக்கு ஒழுக, சத்தமாக, என் மாணவிகள் பார்த்தால் சிரிக்கும்படி அழுதேன். டாக்டர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கணவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், ஊர் முழுக்கச் சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். பசி எடுத்தது. மூன்று மாதமாக எனக்குப் பசித்ததே இல்லை.

"சீக்கிரமா வந்துட்டீங்க, அதுவே நல்லது" என்றார் டாக்டர் எழுதிக்கொண்டே. "நெறைய பேரு மறைச்சு வச்சிட்டு, முத்துன பெறகுதான் வராங்க."

நான் பையை எடுத்துக்கொண்டேன். அப்போது கதவோரமிருந்து ஓர்ப்படி கேட்டார். "டாக்டரம்மா, ஒன்றரை வருசமா வந்துகிட்டிருந்தா?"

டாக்டர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஒன்றரை வருஷமா? நீங்க மாசி மாசத்துலேருந்துன்னுதானே சொன்னீங்க?"

எனக்கு மூன்று மாதம்தானே அக்கா என்று சொல்வதற்காகத் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முந்தானையை வாயருகே கொண்டுபோய் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அப்பப்பதான்" என்றார். "கொஞ்சமாத்தான் படும். வலியெல்லாம் இல்ல. இப்பத்தான் ரெண்டு மாசமா கொஞ்சம் நாத்தம் அடிக்குது."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். ஒன்றரை வருஷமாக என்றால், போன வருஷம் அவர் பானையை என்னிடம் விட்டது முட்டி வலியால் இல்லை. சற்றுமுன் என்னைவிட்டுப் போன பயமெல்லாம் அந்த அறைக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது. நான் இத்தனை நாள் என்னை மட்டுமே நினைத்துக்கொண்டு இந்த மனுஷியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்டூலிலிருந்து எழுந்து, "உக்காருங்கக்கா" என்றேன். அவர் அசையவில்லை. போய் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தேன். கை ஈரமாக இருந்தது.

டாக்டர் புதுச் சீட்டு ஒன்றை எடுத்து, வயது என்ன என்று கேட்டார். ஓர்ப்படி என் விரல்களை நெரித்துக்கொண்டு, "டீச்சரம்மா, நீயே சொல்லு, எனக்கு நாக்கு வரமாட்டேங்குது" என்றார்.

ஐம்பத்தெட்டு என்று நான் சொன்னேன்.