வெயில் ஆகாத விசிறிப் பனை

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஷார்ஜாவிலிருந்து கிளம்பினோம். ராஸ் அல் கைமாவுக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். பக்கத்து சீட்டில் என் ரூம்மேட் முருகேசன். ராமநாதபுரத்துக்காரன், ஓர் அரபி வீட்டில் தோட்ட வேலை. வீட்டுக்கார மேடம் லண்டன் போகும்போது, ஹாலில் நின்ற விசிறி இலைச் செடியை இவன் பொறுப்பில் விட்டுப் போயிருந்தார். நம் ஆள் இலையைப் பார்த்தான், பனை! பனையை யாராவது வீட்டுக்குள் வளர்ப்பார்களா என்று முற்றத்து வெயிலுக்கு இழுத்துவிட்டான். அதுவோ மழைக்காட்டு நிழலில் வளர்கிற ஜாதி. ஒரே வாரத்தில் கருகிப்போனது.

மேடம் நாளை திரும்புகிறார். அதற்குள் அதே மாதிரி ஒன்று வைக்காவிட்டால் விசா கேன்சல் என்று பயந்து கிடந்தான். செத்த செடியின் தொட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் ராஸ் அல் கைமாவில் இருக்கும் இந்த நர்சரிக்கு வழி தெரிந்தது.

வாசலில் வரிசையாக விசிறிப் பனைகள். குனிந்து பார்த்தேன். இலை விரல் விரலாகக் கிழிந்து, ஓரத்தில் வெள்ளை நூல் தொங்கியது. வெயிலில் நிற்கிற பாலைவன ஜாதி. நம் தலையில் இதைக் கட்டப் பார்ப்பார்கள் என்று முருகேசனுக்குக் கண்ணைக் காட்டினேன்.

நர்சரிக்காரர் குகன், யாழ்ப்பாணத்துக்காரர், சிரித்தபடி வந்தார். "அது உங்களுக்கில்லை. உங்கட செடியை உள்ளுக்கு எடுத்து வச்சிருக்கிறன், வாங்கோ."

நாங்கள் போன்கூடப் பண்ணவில்லையே!

உள்ளே பச்சை வலைக்கூரை, புகை மாதிரித் தண்ணீர்த் தூவல். தொட்டியில் நின்ற இலையைத் தடவிப் பார்த்தேன். கிழிசல் இல்லாத ஒரே வட்டம், மடிப்பு மடிப்பாக, ஓரம் மட்டும் பல் பல்லாக. செத்துப்போன அதே ஜாதிதான். அதனாலேயே சந்தேகம் கூடியது.

"நாங்க வருவோம்னு யார் சொன்னா?"

குகன் தயங்கினார். "அந்த மேடம்தான். வீட்டுக் கேமராவில செடி எரிஞ்சதைப் பாத்தவ. இவற்றை படத்தையும் அனுப்பினவ. என்ர தோட்டக்காரன் வருவான், நல்லதாக் குடுங்கோ, நான் சொன்னதெண்டு சொல்ல வேண்டாம் எண்டவ."

திரும்பும்போது செடியை மடியில் வைத்துக்கொண்டு முருகேசன் கேட்டான்: "இரக்கப்படுறாங்களா, இல்ல என்னைய ஆழம் பாக்குறாங்களாண்ணே?"

"ஆழம்தான் பாக்குறாங்க," என்றேன். "மூச்சு விடாத."

அவன் கேட்கவில்லை. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். "மேடம், பாம் ஃபினிஷ். மை மிஸ்டேக். நான்தான் வெயில்ல வச்சேன். சன், சன்."

மேடம் இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "தெரியும். நாளைக்கு வந்துடறேன். எங்கே வைக்கலாம்னு சேர்ந்து பார்ப்போம். கலாஸ், அவ்வளவுதான்."

"சேந்து பாப்போம்ங்கிறாங்கண்ணே," என்று முருகேசன் தேம்பினான். ஏசியின் குளிர்காற்று நேராக இலையில் அடித்துக்கொண்டிருந்தது. காற்றை என் பக்கம் திருப்பிவிட்டேன்.