இடது ஜன்னல் சீட்டு

நம்புகிறவர்கள் நம்புங்கள். கட்டிவிட்ட கதை இல்லை. என் கால்கள் இன்னும் மரத்துப்போகின்றன.

அச்சகத்தில் எனக்குக் காலை ஷிப்ட். நான்கு பேர் ஒரே காரில் போவோம். ஓட்டுபவரை எல்லோரும் மாமா என்போம். அவர் பக்கத்தில் ஸ்டோர்கீப்பர். பின்சீட்டில் நானும் பைண்டிங் பிரிவில் வேலை செய்யும் அக்காவும். சேர்ந்த அன்றே இடது ஜன்னலை அக்கா எனக்குக் கொடுத்துவிட்டாள். "நீ அங்க உக்காரும்மா, நல்லா தூங்கலாம்." காரில் ஒரே சட்டம்தான். தூங்குகிறவரை அச்சக வாசல் வரும்வரை எழுப்பக் கூடாது. கூடப்பிறந்தவள்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்று அம்மாவிடம் பெருமையடித்தேன். பைத்தியக்காரி.

சின்னச் சின்னதாக ஏதோ மனதை உறுத்தியது. மாமாவின் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடி பின்சீட்டைப் பார்க்காது, கூரையைப் பார்க்கும். அக்கா அந்தப் பக்கக் கதவோடு ஒட்டிக்கொள்வாள். நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக உட்காரலாம். இறங்கும்போது என் கால்கள் மரத்திருக்கும். மடியில் மட்டும் உடை கசங்கியிருக்கும்.

அன்று காலை 5.40. வெளியே இன்னும் இருட்டு. கார் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தது. என் தூக்கம் கலைந்தது.

மடி கனத்தது.

மூச்சுச் சத்தம்... என்னுடையது இல்லை.

ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தேன். என் முகம் தெரியவில்லை. அதை மறைத்துக்கொண்டு ஒரு தலை. கலைந்த பின்னல். என் தோளில் சாய்ந்து... தூங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா..."

அக்கா கண்களை இறுக மூடியிருந்தாள். தூங்குகிறவள் கைப்பையை அப்படி இறுக்கிப் பிடிக்க மாட்டாள்.

"அக்கா, என்னைப் பாரேன்..."

யாரும் திரும்பவில்லை.

வாசலில் இறங்கி அக்காவைப் பிடித்து உலுக்கினேன். அழுதுகொண்டே சொன்னாள். எனக்கு முன்னால் அந்தச் சீட்டில் வந்த பெண், ஒருநாள் வழியிலேயே செத்துப்போயிருக்கிறாள். தூங்குகிறாள் என்று நினைத்து யாரும் எழுப்பவில்லை. அதற்குப் பிறகு சீட்டு காலியாக இருந்தால், அவள் நகர்ந்து வந்து அக்காவின் மடியில் ஏறிக்கொள்வாளாம்.

"தெரிஞ்சேவா என்னை உக்கார வச்ச?"

"எனக்குப் பிள்ளைங்க இருக்கும்மா. நீ தனி ஆளு."

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். என்னைத் தூங்க வைத்துக் கழுத்தறுத்தார்கள்.

அதன் பிறகு நான் அந்தக் காரில் ஏறவில்லை, வேலைக்கும் போகவில்லை. ஒரு வாரம் கழித்து அக்கா போன் செய்தாள். மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். குரல் அவ்வளவு லேசாக இருந்தது.

"இப்ப சீட்டு காலியாதான் வருதும்மா. ஒரு தொந்தரவும் இல்ல. அவ அன்னைக்கே இறங்கிட்டா போல."

யாரோடு இறங்கினாள் என்று அவள் சொல்லவில்லை.

போனை வைத்தேன். வீட்டு நாற்காலியிலிருந்து எழப் பார்த்தேன்.

மடி கனத்தது.